வாக்குத் தவறாத வில்லன்: உங்கள் மேசைக்கு ஒரு ஃபே நைட்டை உருவாக்குவது எப்படி

காட்பாடியில் ஒரு மொட்டைமாடி அறையில், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டி, சேர்ந்து கதை நடத்தும் விளையாட்டு. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். மற்ற நான்கு பேரும் என்னைவிடச் சின்னவர்கள். அவர்களுக்காக நான் உருவாக்கிய முதல் ஃபே நைட்டின், அதாவது மாய உலகத்து வீரன் ஒருவனின், கதையைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், அதே தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கலாம்.

கறுப்புக் கவசம், பனி மூச்சு, இடி மாதிரி சிரிப்பு. குளிர்கால மன்றம் என்ற ஃபே அரசவையின் தளபதி. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். அவன் வந்து சேர்ந்தது மே மாதம். மின்விசிறி சுடுகாற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. "அவன் கதவைத் திறந்ததும் அறையே குளிர்ந்துபோகிறது" என்று நான் படித்தேன். "வரட்டும்ணா, நல்லா இருக்கும்" என்றான் ஃபைட்டர் என்ற போர்வீரன் பாத்திரத்தை ஆடுகிற பையன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் நான் எழுதி வைத்திருந்த வீரவசனத்தை அவன் பேசி முடிப்பதற்குள் ரோக், பதுங்கிக் குத்துகிறவள், பின்பக்கம் போய்விட்டாள். இரண்டாவது ரவுண்டில் ஆள் காலி.

அன்றைக்குப் புரிந்தது இது: கவசமும் சிரிப்பும் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். ஃபே நைட்டை ஃபே நைட்டாக ஆக்குவது அவன் கொடுத்த வாக்கு. அவன் பொய் சொல்ல மாட்டான், சொன்ன சொல்லை மீற மாட்டான். அதனாலேயே ஒரு ஊரை அழிப்பான். அடுத்தமுறை வாக்கிலிருந்து தொடங்கினேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது. அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டியும் போகிறது.

முதலில், ஃபே என்றால் என்ன

அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் கதைகளில் வருகிற கூட்டம் இது. 'தேவதை' என்று மொழிபெயர்த்தால் எல்லாம் கெட்டுப்போகும். இறக்கை வைத்த குட்டிப்பெண் ஞாபகத்துக்கு வந்துவிடும். நம் பக்கத்தில் இதற்கு நெருங்கி வருவது ஏரிக்கரைக் கன்னிமாரும் புளியமரத்து முனியும். அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று யாரும் கேட்பதில்லை. நாம் எல்லை தாண்டினோமா, செய்ய வேண்டியதைச் செய்தோமா என்பதுதான் கேள்வி. ஸ்காட்லாந்து வழக்கில் சீலி, அன்சீலி என்று இரண்டு கூட்டம் சொல்வார்கள். சீலி கூட்டம் கொஞ்சம் தயவானது, அன்சீலி வம்புக்கு வருவது. ஆனால் தயவான கூட்டத்தையும் அவமதித்தால் விடாது.

அவர்கள் உலகத்தில் சாப்பிட்டால் திரும்ப முடியாது. அங்கே ஒரு இரவு இருந்துவிட்டு வந்தால் இங்கே பல வருடம் ஓடியிருக்கும். பெயரைக் கொடுத்தால் பிடி கொடுத்த மாதிரி. இரும்பு ஆகாது. விளையாட்டில் இந்த உலகத்துக்கு ஃபேவைல்ட் என்று பெயர். நம் உலகத்தின் கண்ணாடி பிம்பம் மாதிரி, எல்லாமே கூடுதல் நிறத்தோடும் கூடுதல் பசியோடும் இருக்கும் இடம். அடிப்படைக்கு இவ்வளவு போதும்.

படி 1: வாக்கை எழுதுங்கள், ஒரே வாக்கியத்தில்

பழைய ஐரிஷ் கதைகளில் 'கெஷ்' என்று ஒன்று உண்டு. ஒரு வீரனின்மேல் கிடக்கும் விலக்கு. கூ ஹுலின் என்ற பெருவீரனுக்கு நாய் இறைச்சி தின்னக் கூடாது என்று ஒரு கெஷ். விருந்தோம்பலை மறுக்கக் கூடாது என்று இன்னொன்று. கடைசியில் வழியோரம் மூன்று கிழவிகள் நாய்க்கறி சமைத்துவைத்து, 'சாப்பிட்டுப் போ' என்கிறார்கள். தின்றாலும் போச்சு, மறுத்தாலும் போச்சு. தின்கிறான், பலம் இறங்கிப்போகிறது, அந்தப் போரில் சாகிறான்.

இங்கே ஒரு சூத்திரம் கிடைக்கிறது. ஒரு வாக்கு இருந்தால் அது குணம். ஒன்றோடொன்று மோதும் இரண்டு வாக்குகள் இருந்தால் அது கதை. பீஷ்மரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் நைட்டுக்கு எழுதினவை இவை. முதலாவது, ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்குக் கொடுத்தது: "ஆற்றில் தண்ணீர் இருக்கும்வரை இக்கரை மக்கள்மேல் என் வாள் விழாது." இரண்டாவது, தன் ராணிக்குக் கொடுத்தது: "நீ கேட்டதை இல்லை என்னேன்."

முதல் வாக்கு எப்படி வந்தது? 200 வருடம் முன்னால் அவன் அந்த ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போக வந்தான். ஒரு மேய்ப்பனும் அவன் நாயும் வழிமறித்தார்கள். மேய்ப்பன் செத்தான், ஆனால் மாடு போகவில்லை. நைட் அந்த வீரத்துக்கு மரியாதையாக வாக்குக் கொடுத்தான். இதை நான் காற்றிலிருந்து எடுக்கவில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுக்க நடுகற்கள் கிடக்கின்றன. செங்கம் பக்கத்தில் மட்டும் எத்தனையோ. எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டுக் கல். வெள்ளைக்காரர் கதைகளில் ஃபே வேட்டைக்கூட்டம் நாய்களோடு வரும். நம் கல்லில் நாய் ஊர்ப்பக்கம் நிற்கிறது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால் போதும், பின்கதை தானாக எழுந்து நடக்கும்.

இப்போது ராணி "அந்த ஊர் எனக்கு வேண்டும்" என்கிறாள். மறுக்க முடியாது. ஊரைத் தொடவும் முடியாது. அவன் என்ன செய்வான்? வாக்கை மீறமாட்டான். ஆற்றை வற்றடிப்பான்.

வில்லன் பிறந்துவிட்டான். அவனுக்கு அந்த ஊர்மேல் துளி வெறுப்பு கிடையாது. இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். வெறுப்பு வந்துவிட்டால் அவன் சாதாரண ரவுடி.

இன்னொன்றையும் இப்போதே எழுதி வையுங்கள்: வாக்கு முறிந்தால் அவனுக்கு என்ன ஆகும்? நான் எழுதினது: வாள் சோளத்தட்டையாகிவிடும், குதிரை அவனை அடையாளம் தெரியாத மாதிரி விலகிப் போய்விடும், பெயர் போய்விடும். செத்துப்போவான் என்று எழுதாதீர்கள். அவனுக்குச் சாவு பெரிய விஷயமில்லை.

படி 2: எந்தப் பருவத்தின் ஆள்?

ஃபே நைட் என்றதும் பலரும் குளிர்காலத்தை எடுக்கிறார்கள். பனிக்காலத்தில் பட்டினி கிடந்த ஊர்க்காரர்களின் பயம் அது. வேலூரில் அந்தப் பயம் எடுபடாது என்பதை நான் அனுபவத்தில் கண்டேன். இங்கே பயமுறுத்துவது கத்திரி வெயில். பாறைமலைகள் சூழ்ந்த ஊர், ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும்.

ஆகவே என் நைட் கோடை மன்றத்து ஆள். பெயர் வேனிலான். நிகண்டில் அது மன்மதன் பெயர். வேனில் அவனுக்குத் துணையான பருவம் என்பதால் வந்தது. அழகும் வெயிலும் ஒரே சொல்லில் கிடைத்தால் யார் விடுவார்கள்? பொன்நிறக் கவசம், வியர்க்காத முகம், நடந்துவரும்போது காலடியில் நிழல் விழாது. அவ்வளவுதான் வர்ணனை. வர்ணனையை மூன்று விவரத்தில் நிறுத்துங்கள், நாலாவது விவரத்தை ஆடுகிறவர்கள் கேட்பதில்லை, போனைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நீங்கள் ஊட்டியில் ஆடினால் பனியை எடுங்கள். கடலூரில் ஆடினால் புயல். உங்கள் மேசையில் இருப்பவர்கள் எதற்காக ஜன்னலைச் சாத்துவார்கள் என்று பாருங்கள்.

படி 3: அந்தப் பக்கத்து ஊர்

வேலூரைப் பற்றிப் பெரியவர்கள் கிண்டலாகச் சொல்வது ஒன்று உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. (ஐந்தாவதாகவும் ஒன்று சொல்வார்கள். எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.) இதில் கோயில் விஷயம் பழைய கணக்கு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

நான் இந்தச் சொலவடையை அப்படியே புரட்டிப்போட்டேன். இங்கே இல்லாததெல்லாம் அங்கே இருக்கிறது. ஃபே பக்கத்தில் மலை முழுக்க மரம். ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது. கோட்டையில் ராணி இருக்கிறாள். நம் ஊர் ஆற்றுத் தண்ணீர் எங்கே போச்சு என்ற கேள்விக்கு அங்கே போய்ப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

கோட்டையை இன்னும் ஒரு படி யோசித்தேன். வேலூர்க் கோட்டைக்கு வந்த ராஜவம்சத்தார் பலர் கைதிகளாக வந்தவர்கள். திப்புவின் குடும்பம் இங்கே காவலில் இருந்தது, 1806 சிப்பாய்ப் புரட்சியின்போதும் அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கன் இங்கே சிறையிருந்து 1832-இல் இறந்தார். சரி, நம் ராணியும் கைதியாக இருக்கட்டும். அகழி தாண்டி வெளியே வரமுடியாத ராணி. வெளியே போகமுடியாததால் வெளியே இருப்பதெல்லாம் தனக்கு வேண்டும் என்கிறாள். நைட்டை ஏவுகிறாள். இப்போது அவளுடைய ஆசைக்கும் ஒரு காரணம் வந்துவிட்டது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சொலவடையோ பட்டப்பெயரோ இருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள். உலகம் கட்டுகிறேன் என்று வரைபடம் போட உட்கார்ந்துவிடாதீர்கள், அதற்கு முடிவே கிடையாது.

படி 4: வில்லத்தனத்தைச் சின்னதாகக் காட்டுங்கள்

ஊரைக் கொளுத்துவது வில்லத்தனம்தான். ஆனால் அதை ஆடுகிறவர்கள் ஏற்கெனவே நூறுதடவை பார்த்திருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் நடக்கும் காரியமாக அதைச் சுருக்குங்கள்.

வேனிலான் தினமும் காலையில் ஊருக்குள் வருகிறான். குதிரையை வெளியே நிறுத்திவிட்டு, ஒரு வீட்டு வாசலில் நின்று மரியாதையாகக் கேட்கிறான்: "அம்மா, ஆற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு கிடைக்குமா?"

அவ்வளவுதான். தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டு, வணங்கிவிட்டுப் போய்விடுவான். "இல்லைப்பா" என்று சொன்னால் அதற்கும் வணங்குவான். அன்றைக்கு ராத்திரி அந்த வீடு எரியும். ஏனென்றால் ஆற்றில் தண்ணீர் இல்லை என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டைப் பொறுத்தவரை வாக்கு முடிந்தது.

எங்கள் மேசையில் இது எப்படிப் போனது என்று சொல்கிறேன். முதல்நாள் அவன் கேட்டபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது நாள் எரிந்த வீட்டைப் பார்த்தார்கள், சம்பந்தம் புரியவில்லை. மூன்றாவது நாள் ஒரு கிழவி வீட்டு வாசல். பானையில் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது, பேரனுக்கு ஜுரம். கிழவி "இல்..." என்று வாயெடுக்கும்போது பாலாடின் என்ற புனிதவீரனை ஆடுகிற பையன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டான். "பாட்டி, சொல்லாத!" தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து வரிசையில் நின்ற பிள்ளைகள் அவர்கள். தண்ணீர் இல்லை என்ற சொல்லின் கனம் அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

வில்லன் ஒரு அடிகூட அடிக்கவில்லை, குரல்கூட உயர்த்தவில்லை. இந்த மாதிரி ஒரு சடங்கை உங்கள் நைட்டுக்கும் கண்டுபிடியுங்கள். தினமும் செய்வது, மரியாதையானது, பதிலைப் பொறுத்து உயிர் போவது. மூன்றுமுறை நடக்கவேண்டும். ஒருமுறை நடந்தால் யாருக்கும் பதியாது, ஐந்துமுறை போனால் அலுத்துவிடும்.

படி 5: நுழைவுக்குத் தெருக்கூத்தைக் கேளுங்கள்

காலவரிசைப்படி இது முந்தைய படிக்கு முன்னால் வரவேண்டியது. ஆனால் சடங்கு முடிவானபிறகுதான் எனக்கு நுழைவு பிடிபட்டது.

இந்தப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக்கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். துரியோதனன் சும்மா நடந்து வரமாட்டான். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். அதற்குப் பின்னாலிருந்து பாட்டு வரும், சலங்கைச் சத்தம் வரும், கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். கட்டியங்காரன் இந்தப் பக்கம் நின்று, வருகிறவர் யார், என்ன பெருமை என்று கேட்டுக்கொண்டே கிண்டலும் அடிப்பான். திரை விலகும்போது நமக்கு அவனைப் பாதி தெரிந்திருக்கும், மீதிக்காகத் துடித்துக்கொண்டிருப்போம்.

இதை மேசைக்குக் கொண்டுவருவது சுலபம். வேனிலானுக்கு ஒரு எடுபிடி வைத்தேன், தொந்தியும் துடுக்கு வாயும் உள்ள ஒரு சின்ன ஃபே. நைட் வருவதற்கு ஒரு செஷன் முன்னாலேயே அவன் ஊருக்குள் வந்து கட்டியம் கூறிவிட்டுப் போகிறான். "எங்க ஐயா வராரு. வாக்குன்னா வாக்கு. ஒருதடவை மழைகிட்ட 'நில்லு'ன்னு சொன்னாரு, அது இன்னும் நிக்குது." எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளேயே இரண்டு வாக்கும் வெளியே வந்துவிட்டன. நைட்டே தன் வரலாற்றை வசனமாகப் பேசினால் ரோக் பின்பக்கம் போய்விடுவாள் என்று மேலே சொன்னேன். எடுபிடி பேசினால் அவளும் உட்கார்ந்து கேட்பாள்.

நைட் வந்த அன்றைக்கு நான் மேசையில் என் முன்னால் இருந்த அட்டைத்தடுப்புக்குமேல் மஞ்சள் துண்டை விரித்து, பொம்மையை அதன் பின்னால் வைத்துவிட்டு, குரலை மட்டும் கொடுத்தேன். துண்டை விலக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஒருவரும் போனைத் தொடவில்லை.

படி 6: இரும்பு

ஃபேக்களுக்கு இரும்பு ஆகாது என்பதை எங்கள் மேசையில் விளக்க நான் தயாராகிவந்தேன், தேவையே படவில்லை. ராத்திரியில் கறிக்குழம்பு கொண்டுபோகும் தூக்கில் ஒரு ஆணியோ கரித்துண்டோ போட்டு அனுப்பும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்தோடு வண்டிச்சாவியைக் கட்டிவைக்கும் அம்மா எங்களில் ஒருத்திக்கு உண்டு.

விதிகளில் இது எப்படி? விளையாட்டின் மூன்றாம் பதிப்பில் (3.5) பல ஃபேக்களுக்கு 'கோல்ட் அயர்ன்' ஆயுதத்தால் அடித்தால்தான் முழு அடி விழும். பூமிக்கடியில் ஆழத்திலிருந்து எடுத்து, குறைந்த சூட்டில் அடித்த இரும்பு அது, ஆயுத விலை இரட்டிப்பு. ஐந்தாம் பதிப்பில் பொதுவாக அப்படி ஒரு விதி இல்லை. ஆகவே நாமே ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சிக்கல் உடனே வரும். எல்லார் கையிலும் எஃகு வாள் இருக்கிறது, எஃகும் இரும்புதானே? எல்லா வாளும் வேலை செய்தால் பலவீனத்துக்கு அர்த்தமில்லை. நான் வைத்த விதி: போருக்கென்று அடித்த இரும்பு அவனுக்குப் பழகிவிட்டது. உழைப்புக்கு அடித்த இரும்பு மட்டும் சுடும். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள்மணை, ஏர்க்கொழு. அது பட்டால் அதிக அடி ஒன்றும் விழாது, அவனுடைய அடுத்த முறை முடியும்வரை இடம்விட்டு இடம் மறைய முடியாது, அவ்வளவுதான். விதிப்புத்தகத்தில் மண்வெட்டியின் விலை 2 தங்கக்காசு. மந்திரவாள் வைத்திருக்கிற ஃபைட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்கின காட்சிக்காகவே இந்த விதி தகும்.

படி 7: எண்கள்

சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள், ஐந்தாம் நிலையில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம்.

அவர்களுக்குக் கடினமான சண்டையின் எல்லை 3000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), உயிருக்கே ஆபத்தானதன் எல்லை 4400. சேலஞ்ச் ரேட்டிங், அதாவது கடினத்தின் அளவு, 8 உள்ள ஒரு எதிரியின் மதிப்பு 3900. நடுவில் அழகாக உட்காருகிறது. ஆகவே 8.

அந்த அளவுக்கு ஒரு ரவுண்டில் 51 முதல் 56 வரை அடி விழவேண்டும். மூன்று வெட்டு, ஒவ்வொன்றும் 1டி8 + 4 (எட்டுமுகப் பகடை ஒன்று, அதோடு 4), கூடவே வெயில் என்ற கணக்கில் தீ 2டி8. சராசரி ஒரு வெட்டுக்கு 17-க்குக் கொஞ்சம் மேல், மூன்றும் பட்டால் 52. தாக்குதலுக்கு +7. முழுக்கவசம் என்பதால் ஆர்மர் கிளாஸ், அதாவது அவன்மேல் அடி பட எட்டவேண்டிய எண், 18.

ஹிட் பாயின்ட்டில், அதாவது உயிர்ப்புள்ளியில், ஒரு நுணுக்கம். தனியாக வரும் எதிரி எப்போதும் எண்ணிக்கையில் தோற்பான்: அவன் ஒருமுறை ஆடுவதற்குள் அவர்கள் நான்குமுறை ஆடிவிடுவார்கள். ஒரு மந்திரத்தில் அவன் உறைந்துபோனால் கதை முடிந்தது. ஆகவே மந்திரத்துக்குத் தப்பமுடியாமல் போனாலும் தப்பியதாக வைத்துக்கொள்ளும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் இரண்டு கொடுங்கள். இந்த மட்டத்தில் ஒவ்வொன்றும் 20 ஹிட் பாயின்ட்டுக்குச் சமம் என்று கணக்கு, ஆகவே 165-க்குப் பதில் 125 வைத்தால் தராசு சமமாகும். அதைப் பயன்படுத்தும்போதெல்லாம் "கவசத்தில் ஒரு பொன்தகடு கருகி உதிர்கிறது" என்று சொல்லுங்கள். மந்திரம் வீணானதில் மந்திரவாதி விசார்டுக்கு வரும் எரிச்சல் அதில் பாதி குறையும்.

மறைந்து தோன்றுவதற்கு மிஸ்டி ஸ்டெப் மந்திரத்தையே எடுத்து, 30 அடி தூரம், போனஸ் ஆக்ஷன் (தன் முறையில் கூடுதலாகச் செய்யும் சிறு செயல்), வெயில் படும் இடத்திலிருந்து வெயில் படும் இடத்துக்கு மட்டும் என்று மாற்றினேன். பெயர் கானல்நடை. நிழலுக்கு இழுத்துப் போனால் அவன் நடக்கத்தான் வேண்டும். வேட்டை நாய்கள் இரண்டுக்குச் சாதாரண ஓநாயின் எண்களே போதும், 11 ஹிட் பாயின்ட்.

புதிதாக டிஎம் ஆனவர்களுக்கு ஒரு விஷயம். ஹோல்ட் பெர்சன் மந்திரம் மனிதவகை உயிர்களுக்குத்தான், ஃபேமீது வேலை செய்யாது. என் முதல் நைட் அந்த மந்திரத்தில்தான் உறைந்து செத்தான். எனக்கு விதி தெரியாமல் போச்சு, பாவம் அவன்.

படி 8: ஓட்டையை நீங்களே வையுங்கள்

வாக்கில் ஒரு ஓட்டை வழியாக வில்லன் நுழைந்தான் அல்லவா, ஆடுகிறவர்கள் நுழைவதற்கும் ஓட்டை வேண்டும். குறைந்தது இரண்டு. நான் வைத்தவை: ஃபே பக்கம் போய் ஆற்றைத் திருப்பி விடுவது ஒன்று. கைதி ராணியிடம் பேரம்பேசி, அவள் ஆசையை அவளே திரும்ப வாங்கும்படி செய்வது இன்னொன்று. இரண்டுக்கும் இடம், ஆள், துப்பு எல்லாம் எழுதி வைத்திருந்தேன். பத்துப் பக்கம்.

அவர்கள் இரண்டையும் எடுக்கவில்லை.

கடைசிச் சண்டை ஆற்றுமணலில். வேனிலான் நடுவில் நிற்கிறான், உச்சிவெயில், நிழலே கிடையாது. ஊர்க்காரர்கள் கரையில். எல்லாரும் முன்னுரிமைக்காகப் பகடையை உருட்டப் போகிற நேரம், ரோக் ஆடுகிற பெண் கையைத் தூக்கினாள்.

"ணா, ஒரு டவுட். ஆத்துல தண்ணி இல்லன்னு யார் சொன்னது?"

"வறண்டு கிடக்குதே, மணல்தான்."

"மணலுக்கு அடியில?"

அவளுடைய பாட்டி ஊர் பாலாற்றங்கரையில். பாலாறு நந்திமலையில் பிறந்து மூன்று மாநிலம் கடந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டும் 222 கிலோமீட்டர் ஓடுகிறது என்று புத்தகத்தில் இருக்கும். ஓடுவதைப் பார்க்க 2021 நவம்பர் மாதிரி வெள்ளம் வரவேண்டும். மற்ற நாளில் மணல். ஆனால் அந்த மணலைத் தோண்டி ஊற்று இறைத்துக் குடித்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் அவள். நான் வளரவில்லை.

நான் "டீ குடித்துவிட்டு வரலாம்" என்றேன். உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: நீங்கள் யோசிக்காத ஓட்டையை மேசை கண்டுபிடித்தால் உடனே 'முடியாது' என்று சொல்லாதீர்கள், டீ சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் வாக்கு எழுதின தாளை எடுத்து, எழுத்துக்கு எழுத்து படியுங்கள். ஆடுகிறவர் சொல்வது அந்த வாக்கியத்துக்குள் நிற்கிறதா? நின்றால் ஒத்துக்கொள்ளுங்கள். வில்லன் இத்தனை நாள் எழுத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் வதைத்தான். எழுத்து இப்போது அவர்கள் பக்கம் வந்தால் நீங்கள் பின்வாங்கக் கூடாது. என் தாளில் "ஆற்றில் தண்ணீர் இருக்கும்வரை" என்றுதான் இருந்தது. ஓடும்வரை என்று இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஃபைட்டர் மண்வெட்டியை எடுத்தான். மற்ற மூன்று பேரும் அவனைச் சுற்றி அரண் மாதிரி நின்றார்கள். வேனிலானை நான் அசையவிடவில்லை. வாக்குச் சம்பந்தப்பட்ட விஷயம், பார்க்காமல் அவனால் இருக்கமுடியாது. எவ்வளவு ஆழம் என்று 20 முகப் பகடையை உருட்டச் சொன்னேன். 14 விழுந்தது. இடுப்பளவு பள்ளத்தில் மணல் கறுத்தது, அப்புறம் கசிந்தது.

எரிந்துபோன வீடுகள் மூன்று. மூன்றும் எரிந்தபோது ஆற்றில் தண்ணீர் இருந்திருக்கிறது. அவன் கணக்குப் போட்டுப் பார்க்கிறான் என்று மட்டும் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் யாரும் பேசவில்லை. கையிலிருந்த வாளைப் பார்க்கிறான், அது சோளத்தட்டை. தூரத்தில் குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டது. 125 ஹிட் பாயின்ட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை.

ரோக் பள்ளத்தில் இறங்கி, கொட்டாங்குச்சியில் அள்ளி, அவன் முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க. தினமும் கேட்டுட்டு இருந்தீங்களே."

வாங்கிக் குடிக்கிறானா என்று அவர்கள் கேட்டார்கள். மணி ஒன்பதரை, கீழே அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.